முதலில் மூடி, பிறகு மீன்

(பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு)

வீட்டுக் கூடத்தில் கண்ணாடி மீன்தொட்டி வைப்பது நம்மிடையே பரவிவரும் ஒரு வழக்கம். பிறந்தநாளுக்கோ, விடுமுறைக்கோ, புதுவீடு குடிபுகும்போதோ தொட்டி வந்து சேருகிறது. தொட்டி, வண்ணக் கற்கள், பிளாஸ்டிக் செடி, காற்றுப் பம்பு, பின்புறம் ஒட்டக் கடலடிப் படம், ஒரு டப்பா தீனி, கடைசியில் மீன்கள். இவையெல்லாம் வாங்கி முடிந்து பணப்பையை மூடும் வேளையில்தான் கடைக்காரர், "மூடி வேணுங்களா சார்?" என்று கேட்பார். விலையைக் கேட்டதும் அப்பாமார்களின் முகம் மாறும். "அதெல்லாம் எதுக்குங்க, திறந்தே இருக்கட்டும். மீனுக்குக் காத்து வேணுமில்ல" என்பார்கள். கடைக்காரரும் தலையை ஆட்டிவிடுவார்.

மூடி இல்லாத தொட்டி பாதித் தொட்டியே என்பது என் கருத்து. அதில் உயிருள்ள மீனை விட நமக்கு உரிமை இல்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த மூடியைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடையில் வாங்கத் தேவையே இல்லை. இருபது ரூபாய் மீனுக்கு எழுநூறு ரூபாய் மூடியா என்று கேட்பவர்களைப் பார்த்துத்தான், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவைத்தார்கள் போலும். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை மூடியை விட்டுவிடுவது அன்று. மூடியை நாமே செய்துகொள்வது.

மீன் நீரில் வாழ்வது, அது ஏன் வெளியே வரவேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஏரியிலும் ஆற்றிலும் மீன் துள்ளுவதற்குக் காரணங்கள் பல உண்டு. பெரிய மீன் துரத்தினால் துள்ளும். நீருக்கு மேலே பறக்கும் பூச்சியைப் பிடிக்கத் துள்ளும். குட்டை வற்றினால் அடுத்த குட்டையைத் தேடிப் போகும் மீன்களும் இருக்கின்றன. அங்கே துள்ளி விழுகிற இடமும் பெரும்பாலும் நீராகவே இருக்கும். நம் வீட்டுத் தொட்டியிலோ ஓரடி அகலத்துக்கு அப்பால் சிமென்ட் தரை. மீன் தன் இயல்பிலிருந்து மாறவில்லை. அதை நாம் கொண்டுவந்து வைத்த இடந்தான் மாறியிருக்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளத்தருகே நின்ற பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797ஆம் ஆண்டு அது அச்சாயிற்று. பனையேறிக் கெண்டை என்று நாம் அழைக்கும் மீன் அது. உண்மையிலேயே அது மரம் ஏறுமா, அல்லது பறவை கொண்டுபோய்ப் போட்டதா என்று பின்னால் வந்த அறிஞர்கள் ஐயப்பட்டார்கள். எனினும் ஈரத்தரையில் செவுள்மூடியின் முட்களை ஊன்றி அது ஊர்ந்து செல்வதில் ஐயமில்லை. கடைகளில் கண்ணாடிக் குவளையில் விற்கிறார்களே ஃபைட்டர், அதுவும் குராமியும் இந்தப் பனையேறிக்கு உறவுக்கார மீன்கள்தாம். கோய் கெண்டையும் சில்வர் ஷார்க்கும் துள்ளுவதில் இவற்றுக்குச் சளைத்தவை அல்ல.

"நல்ல மீன் குதிக்காது" என்று பெரியவர்கள் சிலர் அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஐந்து கோய் குஞ்சுகள் வளர்த்தார்கள். ஒருநாள் காலையில் நான்கு இருந்தன. பழி முழுவதும் எதிர்வீட்டுப் பூனையின் மேல் விழுந்தது. அந்தப் பூனையை விரட்டுவதற்கென்றே ஒரு கம்பு வாசலில் சார்த்தி வைக்கப்பட்டது. மூன்றாம் நாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்தன. நகர்த்திப் பார்த்தால், காய்ந்து வளைந்த குஞ்சு மீன். அதன் மேல் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தால், சுவரோரமாக வெகுதூரம் துடித்துக்கொண்டே போயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த வீட்டுச் சின்னப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பூனையிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை!

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்கும்போது மீன் ஏன் மூச்சுத் திணறிச் சாகிறது என்பதை நம் உயிரியல் பாடத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். செவுளின் மெல்லிய இழைகள் நீரில்தான் விரிந்து மிதக்கும். வெளியே வந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காய்ந்தும் போகும். சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் உள்ளே இழுக்க வழியில்லாமல் அது உயிர்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு "ஒரு மீன்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, மூடினால் மீனுக்குக் காற்று கிடைக்காது என்ற வாதத்துக்கு வருவோம். தொட்டி நீருக்கு ஆக்சிஜன் நீர்ப்பரப்பின் வழியாகவே போகிறது. காற்றுப் பம்பு செய்யும் முக்கியமான வேலையும் குமிழிகளால் நீரைக் கலக்கி, அடி நீரை மேலே கொண்டுவருவதுதான். ஆகவே நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளியும், மூடியில் காற்றுப் போகும் வழியும் இருந்தால் மூச்சுக்குக் குறைவில்லை. விளிம்புவரை நீர் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை அழுத்தி வைத்தால்தான் தீங்கு. ஃபைட்டர் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாயால் காற்றை விழுங்கும் இனம் ஆதலால், அதற்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

எதைக் கொண்டு மூடுவது என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரி. வெளிநாட்டார் எழுதும் மீன்வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் கண்ணாடி மூடியையே சொல்கின்றன. குளிர்நாட்டில் அது சரி. அங்கே வெப்பமண்டல மீனுக்காகத் தண்ணீரைச் சூடேற்றி வைக்கிறார்கள். அந்தச் சூடு வெளியே போகாமல் தடுப்பது மூடியின் பாதி வேலை. நமக்கோ நேர்மாறு. சித்திரை வைகாசியில் நம் தொட்டி நீர் தானாகவே சுடுகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் சுமார் ஏழரைதான். அதே வேளையில் ஒவ்வொரு கிராம் நீரும் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தானே! கண்ணாடியால் இறுக மூடினால் அந்தக் குளிர்ச்சியை நாமே தடுத்துவிடுகிறோம். ஆகவே சமவெளியில் இருப்பவர்களுக்கு வலை மூடிதான் ஏற்றது. உதகையிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும். கண்ணாடியில் எடையும் அதிகம். இரண்டடிக்கு ஓரடி, 4 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் வரும். ஓரம் தேய்க்காத கண்ணாடி கையைக் கிழிக்கும். தினமும் தீனி போடும் தம்பி தங்கைகளை நினைத்தால் அது வேண்டாம் என்றே தோன்றுகிறது.

வலை மூடியில் ஒரு குறை உண்டு, மறைப்பதற்கில்லை. நீர் ஆவியாவதை அது நிறுத்தாது. இரண்டடிக்கு ஓரடித் தொட்டியின் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 1,800 சதுர சென்டிமீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர் போய்விட்டது என்று பொருள். போவது தூய நீர் மட்டுமே; உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே சாட்சி. எனவே ஊற்றுவது மட்டும் போதாது; வாரம் ஒருமுறை கொஞ்சம் நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் மாற்றவும் வேண்டும்.

இப்போது செய்முறை. எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம். வீடுகளில் மின்கம்பியை மறைத்துச் சுவரில் அடிப்பார்களே, அந்த பிளாஸ்டிக் கேசிங் பட்டைதான் சட்டம். ஓரங்குல அகலப் பட்டையில் இரண்டு மீட்டர் நீளம் இரண்டு வாங்கினோம். அடியில் வாய்க்கால் போன்ற ஒரு பகுதி, அதன்மேல் கிளிக் என்று பொருந்தும் மூடுபட்டை ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் வலையைக் கவ்வ வைப்பதே சூட்சுமம். எம்பிராய்டரி செய்யும்போது இரண்டு வளையங்களுக்கு நடுவே துணியை இழுத்துப் பிடிக்கிறோம் அல்லவா, அதே முறைதான். தையல் வகுப்புக்கு வருகிற எவருக்கும் இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

தொட்டியின் வெளியளவை எடுத்துக்கொண்டு, நான்கு மூலைகளும் சாய்வாகச் சேரும்படி பட்டையை வெட்ட வேண்டும். ஜியோமிட்ரி பெட்டியில் இருக்கும் 45 பாகை மூலைமட்டம் இதற்கு உதவும். (அந்தப் பெட்டியில் அது எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.) ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்து, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒரு நீளத்திலேயே அடங்கிவிடும். இரண்டாவது நீளத்திலிருந்து, ஒரு முனையில் நான்கு அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரு பட்டை வெட்ட வேண்டும். மிச்சத் துண்டுகளில் சிறு சிறு கோணத் துண்டுகள் வெட்டி மூலைக்கு உள்ளே வைத்து, தண்ணீர்க் குழாய் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டினால் சட்டம் ஆடாது. இதை மாடியிலோ முற்றத்திலோ செய்வது நல்லது. நெடி கடுமையாக இருக்கும். ஒருநாள் முழுதும் வெளியிலேயே காயவிட்டு, நெடி போன பிறகே தொட்டிக்கு அருகில் கொண்டுபோக வேண்டும்.

சட்டம் காய்ந்ததும் அதன்மேல் ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை விரித்து, ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் மூடுபட்டையை அழுத்திவர வேண்டும். என் அம்மா இழுத்தார்கள், நான் அழுத்தினேன். எதிரெதிர்ப் பக்கமாக அழுத்தி வந்தால் சுருக்கம் விழாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வலையைக் கத்தரித்துவிடலாம். நைலான் ஈரத்தில் சற்றே தளரும். அப்போது பட்டையைக் கழற்றி மறுபடி இழுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஒட்டி வைத்த வலையில் இந்த வசதி கிடையாது. குறுக்குப் பட்டைக்கு அப்பால் இருக்கும் நான்கு அங்குல இடத்தில் வலை வேண்டாம். விளம்பரப் பலகைகளில் வருகிற, நடுவே குழாய் குழாயாக இருக்கும் சன்பேக் அட்டை எங்கேயும் சும்மா கிடைக்கும். அதில் ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத் தோலை மட்டும் பிளேடால் கீறினால் மறுபக்கத் தோலே கீல் ஆகிவிடும். தீனி போடும் கதவு இதுதான். இதன் மூலையில் ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டால் காற்றுக் குழாயும் கம்பியும் அதன் வழியே போகும். அந்த ஓட்டை கம்பிக்கு வேண்டிய அளவே இருக்கட்டும். விரல் நுழையும் இடத்தில் சின்ன மீனும் நுழையும்.

சட்டம் எடை குறைவு என்பதால் பெரிய மீன் முட்டினால் தூக்கிக்கொள்ளும். அடியில் நான்கு சிறு துண்டுகளை ஒட்டி நழுவாமல் செய்து, இரு முனைகளிலும் தட்டையான கூழாங்கல் ஒவ்வொன்று வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 190 ரூபாய். அதிலும் ஒரு மீட்டர் வலையில் பாதிக்கு மேல் மிச்சம். அதே அளவுக்குக் கடையில் கேட்ட விலை இதைப்போல் நான்கு மடங்கு.

மலிவு என்பதற்காக எதை வேண்டுமானாலும் வைத்துவிடலாகாது. அட்டைப்பெட்டி இரண்டே நாளில் நைந்துபோகும். ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பிப் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் தகடு பார்க்க அழகாக இருந்தாலும், நீர்ப்பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். எல்லாவற்றையும்விடத் தவிர்க்க வேண்டியது துத்தநாகம் பூசிய இரும்பு வலையும் செம்புக் கம்பி வலையும்தான். அவற்றில் பட்டுச் சொட்டும் நீர் உலோகத்தையும் கரைத்துக்கொண்டு விழும். துத்தநாகமும் செம்பும் மீனுக்கு நஞ்சு. நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு இன்னும் கொடியது.

"ஹாலில் வைக்கிற பொருள், கேசிங் பட்டையும் கொசுவலையுமாக இருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. வருகிறவர்கள் தொட்டியின் முன்புறத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்படியே மேலே பார்த்தாலும் வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறார்கள்: இதெல்லாம் அண்ணனோ ஆசாரியோ செய்ய வேண்டிய வேலையாம். கடல் உயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டியை முதன்முதலில் அமைத்தவர் யார் தெரியுமா? 1794இல் பிரான்சில், செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகளாகப் பிறந்த ழான் வில்ப்ரூ-பவர் என்ற பெண்மணி. பாரிசில் ஆடை தைக்கும் வேலை பார்த்தவர். மணமாகி சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போன பின், ஆர்கொனாட் என்னும் எண்காலி இனத்து உயிரி தன் ஓட்டைத் தானே செய்துகொள்கிறதா என்று கண்டறிவதற்காக 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார்; தானே செய்துகொள்கிறது என்று நிறுவியும் காட்டினார். தொட்டியையே ஒரு தையற்காரப் பெண் செய்தபோது, மூடியை நாம் செய்யக் கூடாதா?

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்கு மேலே வெறும் கம்பியில் விளக்கைத் தொங்கவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே அச்சமாக இருக்கிறது. விளக்கு மூடியின் வலைக்கு மேலே, சட்டத்தில் உறுதியாக அமர்ந்திருக்க வேண்டும். கம்பி, பிளக் இருக்கும் இடத்துக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து இறங்கிப் பிறகு மேலேறட்டும். அப்போது வழியும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. கையை நீரில் விடுமுன் சுவிட்சை அணைப்பதோடு பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

வலை பல்லியைத் தடுக்கும், பூனையைத் தடுக்கும், தம்பி போடும் பிஸ்கட்டையும் தடுக்கும். கொசுவுக்கு அடிக்கும் மருந்தை மட்டும் தடுக்காது. அம்மருந்துகளில் பலவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மீனுக்குக் கடும் நஞ்சு. அறையில் மருந்து அடிக்க வேண்டியிருந்தால், அந்த நேரத்துக்குக் காற்றுப் பம்பை நிறுத்தி, மூடியின்மேல் கெட்டியான ஈரத்துணி போர்த்திவிட வேண்டும். மருந்தே அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

மூடி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடவும் கூடாது. இரவில் டப் டப் என்று மீன் வலையில் முட்டும் ஓசை கேட்டால், மூடியைப் பாராட்டிவிட்டுத் தூங்கப் போகாமல் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தீனி மிஞ்சி அழுகியிருக்கலாம். ஒன்றையொன்று துரத்தும் மீன்களைச் சேர்த்து விட்டிருக்கலாம். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போகாமல் அப்படியே ஊற்றியிருக்கலாம். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டாலும் மிரண்டு துள்ளும். வெளியேறத் துடிக்கும் உயிரைச் சிறைவைப்பதற்காக நான் மூடி கேட்கவில்லை.

மீன் விற்கும் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் வளர்ப்பே எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு. அவர்களுக்கு மீனைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் தொட்டி கேட்டு வருகிறவரிடம் மூடியைக் கடைசியாகக் கேட்காமல் முதலில் கேட்கலாமே! வாங்க வசதியில்லாதவரிடம், "ஒரு மீட்டர் வலை வாங்கி நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்ல அவர்களுக்கு என்ன செலவு? செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்க ஒருவேளை அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். ஆனால் தொட்டியை வெறுத்துப்போய் மொட்டைமாடியில் போட்டுவிடாமல், ஆண்டுக்கணக்காகத் தீனி வாங்க வருவார்கள்.

நம் அறிவியல் ஆய்வகத்துத் தொட்டிக்கும் மேலே ஒன்றும் இல்லை என்பதைத் தோழியர் பலரும் பார்த்திருப்பீர்கள். அளவு எடுத்துவிட்டேன்: மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். சுற்றுச்சட்டத்துக்கும் குறுக்குப் பட்டைக்கும் சேர்த்து ஒன்பதேமுக்கால் அடி வருகிறது, ஆகையால் கேசிங் இரண்டு நீளம் போதும். வலை எங்கள் வீட்டில் மிச்சம் இருக்கிறது. சிஸ்டரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் வலையை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.